தவசிலிங்கம் கட்டாத மாடி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. முன்சீப் கோர்ட்டில் நகல் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னவள் அந்த மாடி வழக்கில் கோர்ட் சார்பில் இடத்தைப் பார்வையிடும் கமிஷனராகப் போய்வந்த பேச்சியம்மாள். இரண்டு வாய் கடந்து வந்த சங்கதி என்பதால் ஒன்றிரண்டு இடங்களில் முன்னே பின்னே இருக்கலாம். என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் வக்கீலாகப் பதிவு செய்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அப்பா பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர், அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குபவள், அந்தக் குடும்பத்தில் காகிதத்தை நம்பிப் பிழைக்க வந்த முதல் ஆள் அவள்தான் என்பதால், எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்காமல் அவள் கையெழுத்துப் போடுவதில்லை. முன்சீப் அவளைக் கமிஷனராக நியமித்த உத்தரவையும் மேலச்சத்திரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அது ஒரே மாதிரிதான் இருந்தது: வாதியின் வீட்டை அடுத்த காலியிடத்துக்கு மேலே மாடி உள்ளதா என்றும், உள்ளதெனில் வாதி அதை அனுபவித்து வருகிறாரா என்றும், நேரில் பார்வையிட்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டியது.

மடியில் இருந்த வழக்குக் காகிதக் கட்டில் மிச்சக் கதை இருந்தது.

மேலச்சத்திரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் பாக்கியத்தாய்க்கு ஓர் ஓட்டு வீடும், அதை ஒட்டிப் பன்னிரண்டுக்குப் பதினாலு அடியில் ஒரு காலியிடமும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே அறை. அந்த அறையில்தான் கிரைண்டர் விடிந்ததிலிருந்து பொழுதடையும் வரை ஓடும், அந்த அறையில்தான் மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள், அந்த அறையில்தான் அவள் மகள் முத்தரசி குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கவும் வேண்டும். இரண்டு தடவை படித்தாள், இரண்டு தடவையும் கொஞ்ச மார்க்கில் தவறிப் போனது. அதனால் காலியிடத்தில் நாலு தூண் எழுப்பி, கீழே திறந்த வாசலாக விட்டு, மேலே ஓர் அறை கட்டித் தருமாறு கான்ட்ராக்டர் தவசிலிங்கத்திடம் பேசி, ஐந்தரை லட்சத்தில் மூன்று லட்சத்தை முன்பணமாகக் கொடுத்தாள் பாக்கியத்தாய்.

ஒப்பந்தத்தை எழுதியவர் பத்திர எழுத்தர் ஆவுடையப்பன். முப்பத்தாறு வருஷமாகக் கிரயப் பத்திரம் தவிர வேறொன்றும் எழுதிப் பழகாத கை அது. கட்டட ஒப்பந்தம் என்று சொல்லி உட்கார வைத்தாலும் அது தனக்குத் தெரிந்த தடத்திலேயே போயிற்று. இன்னும் கட்டாத மாடிக்கு நாலெல்லை எழுதினார்: வடக்கே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி, தெற்கே டெய்லர் வீட்டு முருங்கை உச்சி, கிழக்கே தெருவுக்கு மேலே போகும் மின்கம்பி, மேற்கே தங்கள் ஓட்டுக் கூரை. கிரயத்துக்கு இன்ன காரணம் என்று எழுதியே வழக்கம் என்பதால் இதற்கும் காரணம் கேட்டு, ‘தங்கள் மகள் முத்தரசி கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பொருட்டு’ என்று எழுதினார். கடைசியில், வேலை முடிக்க வேண்டிய நாளாக மே மாதம் முதல் தேதியைக் குறித்துவிட்டு, ‘மேற்படி தேதி முதல் மேற்படி மாடியைத் தாங்களும் தங்கள் வாரிசுகளும் தங்கள் அனுமதி பெற்றோரும் சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று முடித்தார். தவசிலிங்கம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். பாக்கியத்தாய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டாள்.

தூண் எழும்பியது. பதினைந்து படி எழும்பியது. தளம் போடுவதற்காகத் தகரப் பலகையெல்லாம் அடித்து சென்டரிங் வேலையும் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத் தவசிலிங்கத்துக்கு டவுனில் ஒரு கல்யாண மண்டப வேலை கிடைத்தது. “ரெண்டே நாளு யக்கா, கொண்டாந்திருவேன்” என்று பலகைகளைக் கழற்றி டிராக்டரில் ஏற்றிப் போனவர், பிறகு போனை எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்து நாலு தூணும், எங்கும் போய்ச் சேராத பதினைந்து படியும் நின்றன.

மே முதல் தேதி காலையில், மெயின் ரோட்டில் தவசிலிங்கத்தின் வண்டி வருகிறதா என்று பார்க்கப் பாக்கியத்தாய் படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் அவரை ஒரு வார்த்தை வைதபடி ஏறினாள், பதினைந்து படிக்குப் பதினைந்து வார்த்தை ஆயிற்று, இன்னும் ஒரு வார்த்தை மிச்சம் இருந்ததால் பதினாறாவதாக ஓர் எட்டு எடுத்து வைத்தாள். வைத்த கால் நின்றது. அடுத்த காலும் நின்றது. அந்தரத்தில், தரையிலிருந்து ஒன்பது அடிக்கு மேலே, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கீழே மாவு வாங்கப் பாத்திரத்தோடு நின்ற டெய்லர் வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்தாள்.

“யக்கா, எனக்கு ரெண்டு கிலோ எடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல.”

“இரு, வாரேன்.”

மேலச்சத்திரம் அதைப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. முதல் இரண்டு நாள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள், கூப்பிடாமலே ஏறிப் பார்த்த ஒருவன் நேராக மணல் குவியலில் விழுந்து கணுக்கால் பிசகிப் போனான். அதிலிருந்து, பாக்கியத்தாயோ முத்தரசியோ ‘வாங்க’ என்று சொன்னால்தான் தளம் தாங்கும் என்று தெரிந்தது. காக்கா அதன் வழியாகப் பறந்து போயிற்று. மழை அதன் வழியாகப் பெய்தது. டெய்லர் வீட்டுப் பூனையை மட்டும் முத்தரசி வா என்று கூப்பிட்டிருந்ததால், அது முருங்கையிலிருந்து குதித்து அந்தரத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. பஞ்சாயத்திலிருந்து வரி போட வந்தவர் வெகுநேரம் அண்ணாந்து நின்று, வீட்டுக்கு வரி உண்டு, வெற்றிடத்துக்கு இல்லை, இது இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிப் பாதி வரி போட்டார். மின்வாரியத்துக்காரர் மீட்டர் மாட்டச் சுவர் இல்லை என்று திரும்பிப் போனார். முத்தரசி மேலே ஏறியிருக்கும் நேரம் ஆண்கள் யாரும் அந்த இடத்துக்கு நேர் கீழே நிற்கக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை, ஆனால் எதிர்ப்புற டீக்கடை சுடலைமுத்து தன் பெஞ்சைத் தூக்கித் தெருவுக்கு முதுகு காட்டிப் போட்டார். டீ குடிக்கிறவர்கள் சுவரைப் பார்த்துக் குடித்தார்கள். ஒன்பதாம் நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மிதக்கும் மாடிக்கு அடுத்த சந்து’ என்று விலாசம் அச்சாகி வந்தது. அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாக்கியத்தாய்தான் பேசினாள். கோர்ட்டில் பேசினாள். முன்பணமும் நட்டஈடும் கேட்டு வழக்குப் போட்டாள். அதற்குத் தவசிலிங்கம் தாக்கல் செய்த எதிருரையைத்தான் பேச்சியம்மாள் பஸ்ஸில் மறுபடி மறுபடி படித்தாள். ஒப்பந்தத்தை மீறியதால் நட்டம் வந்திருந்தால்தானே நட்டஈடு? வாதி மாடியில் நிற்கிறார், வற்றல் காயப்போடுகிறார், அவர் மகள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள், ஊரே சாட்சி. ஆகவே நட்டம் ஏதுமில்லை. மாறாக, பாக்கி இரண்டரை லட்சத்தை வாதிதான் தர வேண்டும்.

அந்த வரி வந்ததும் பேச்சியம்மாள் காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். நிற்கிறாள் என்று எழுதினால், மூன்று லட்சம் பறிகொடுத்தவள் இன்னும் இரண்டரை லட்சம் கொடுக்க வேண்டும். நிற்கவில்லை என்று எழுதினால் அது பொய். பஸ் நிற்கும் வரை அவளுக்கு இதில் மூன்றாவது வழி ஒன்றும் தெரியவில்லை.

பாக்கியத்தாய் கையில் மாவோடு வாசலில் நின்றாள். தவசிலிங்கம் முன்கூட்டியே வந்து, வெள்ளைச் சட்டையில் தன் வண்டிமேல் சாய்ந்திருந்தார்.

“வாங்க மேடம். பாருங்க, கண்ணால பாருங்க, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

பாக்கியத்தாய் அவளைக் கிரைண்டர் பக்கமாக உள்ளே கூட்டிப்போனாள். கிரைண்டர் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது.

“தாயி, ஒரே ஒரு வார்த்த. இல்லன்னு எழுதிரு.”

“இருக்கேம்மா.”

“இருக்கு. நான் இல்லங்கல. சிமிட்டியும் கம்பியுமா இருக்கா? இல்லல்ல. அப்ப இல்லதான?”

“நான் பாக்குறதத்தான் எழுதணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

பாக்கியத்தாய் கையிலிருந்த மாவை வழித்தாள். “எந்த ஊரு பிள்ள நீ?” என்று கேட்டாள். பேச்சியம்மாள் சொன்னாள். “அப்பா என்ன செய்யாரு?” சொன்னாள். “மூட்ட தூக்குறவரு மகளா” என்று சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

படிகளைப் பேச்சியம்மாள் எண்ணிக்கொண்டே ஏறினாள். பதினைந்தாவது படியில் நின்று எதிரே பார்த்தபோது ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததன் நடுவில் ஒரு கோரைப்பாய், பாயில் நாலைந்து புத்தகம், புத்தகங்களுக்கு மேலே காற்றில் பறக்காமல் இருக்க ஓர் எடைக்கல், பக்கத்தில் முத்தரசி, அவள் காலடியில் பூனை. பாயின் ஓரத்துக்கு அப்பால் ஒன்பதடி கீழே, ஒரு வாளி தெரிந்தது.

“வாங்க அக்கா” என்றாள் முத்தரசி. “கீழ பாக்காதீங்க, எட்டு வச்சிருங்க.”

பேச்சியம்மாள் எட்டு வைத்தாள். நின்றாள். கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள். சூடாக இருந்தது, வெயில் குடித்த சிமெண்டுத் தரைபோலவே. டேப்பை எடுத்து அளந்தாள். பன்னிரண்டுக்குப் பதினாலு, ஓர் அங்குலம் குறையவில்லை. அதைக் குறித்துக்கொண்டாள். கீழே நின்ற தவசிலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார்.

“நீங்க எப்பவும்போலப் படிங்க” என்று முத்தரசியிடம் சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் தளத்தின் மூலையில், தூண் முடியும் இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வாட்ச்சைக் கழற்றி முன்னால் வைத்தாள்.

முத்தரசி படிக்க ஆரம்பித்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்னம்மா, இன்னும் வரலாறுதானா? போன வாரமே முடிச்சிருப்பன்னு நெனச்சேன்” என்றார். ரேஷன் கடைக்குப் போகிற இரண்டு பெண்களில் ஒருத்தி, “முதுக நிமித்து உக்காரு முத்து, கூன் விழுந்துரும்” என்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல், திரும்பாமலே, “ஏத்தா, கூட்டுவட்டி கணக்கு வந்திருச்சா?” என்று கேட்டது, அதற்கு இன்னொரு குரல், “வந்திருந்தா இன்னும் ஏன் அங்க உக்காந்திருக்கா” என்றது, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்று, அவள் அடிக்கோடு போட்டிருப்பது தப்பான வரி என்று கீழேயிருந்தே விளக்கினார். மாவு வாங்க வந்த ஒருத்தி, பத்தாம் தேதிக்குள் கல்யாணம் பேச ஆள் வருகிறார்களாமே என்று கேட்டாள். எல்லாருக்கும் முத்தரசி பதில் சொன்னாள். யார் முகத்திலும் கெடுதல் இல்லை. எல்லாருமே அவள் பாஸாக வேண்டும் என்றுதான் நின்றார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டாள். நாற்பது நிமிஷத்தில் பதினேழு கோடு. முத்தரசி ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பேச்சியம்மாளுக்குக் கிட்டங்கி ஞாபகம் வந்தது. அவள் பரீட்சை நேரத்தில் அப்பா மேஸ்திரியிடம் கேட்டு, பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் அவளை உட்காரவைத்து, தகரக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்துவார். மூச்சு முட்டும், தூசு மூக்கில் ஏறும், தரையே சரியாக இருக்காது, குண்டும் குழியுமாக இருக்கும். ஆனால் கதவு சாத்தியதும் ஊர் இல்லாமல் போகும்.

அவள் எழுந்து ஒப்பந்தத்தை எடுத்தாள். மூன்று தடவை படித்திருந்ததை நாலாவது தடவை படித்தாள். பிறகு தளத்தின் ஓரத்துக்கு வந்து கூப்பிட்டாள்.

“தவசிலிங்கம் ஐயா, கொஞ்சம் மேல வாங்க.”

“நான் எதுக்கு மேடம்? அதான் நீங்களே நிக்கீங்களே.”

“நீங்க சொன்னதையும் எழுதணும்ல. வாங்க.” பாக்கியத்தாயைப் பார்த்து, “அம்மா, அவர நீங்க கூப்பிடணும்” என்றாள்.

பாக்கியத்தாய் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். தெரு காத்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் இந்த ஒரு தடவை மட்டும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

“வாங்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க.”

தவசிலிங்கம் ஏறினார். கடைசிப் படியில் ஒரு நிமிஷம் தயங்கி, எட்டு வைத்து, நின்று, குதிகாலால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்தார். வேலை தெரிந்தவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

“கெட்டியா இருக்கு மேடம். நான் போட்டிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது.”

“சரி. அப்படியே அந்தக் கதவச் சாத்துங்க” என்றாள் பேச்சியம்மாள், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். “சத்தமா இருக்கு. எழுத முடியல.”

அவர் பழக்கத்தில் திரும்பினார். கை பாதி தூரம் நீண்டது. எதிரே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, முருங்கை தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது, தெருவில் அண்ணாந்து நின்ற முப்பது முகம் தெரிந்தது.

“எந்தக் கதவ மேடம்? கதவு எங்க இருக்கு இங்க?”

பேச்சியம்மாள் அதை எழுதினாள். அந்த வரிகள் இவை: ‘தளம் உள்ளது. நான் நின்றேன். பன்னிரண்டு அடிக்குப் பதினாலு அடி. கதவு எங்கே என்று பிரதிவாதி கேட்டார். கதவு இல்லை.’ எழுதியதை அவரிடம் நீட்டினாள்.

“வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“நான் சொன்னதத்தான எழுதியிருக்கீங்க.” பேனாவை வாங்கினார்.

“இல்ல, வாசிங்க.”

“வண்டி வெயில்ல நிக்குது மேடம்.”

அவள் விடவில்லை. அவரே வாசிக்காததால், ஒவ்வொரு வரியாகச் சத்தமாக அவளே வாசித்தாள். ‘கதவு இல்லை’ என்ற இடத்தில் அவர் “ஆமா, இல்லதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து முன்சீப் தீர்ப்புச் சொன்னார். வாதிக்குத் தளம் கிடைத்திருக்கிறது, அது எப்படிக் கிடைத்தது என்று விசாரிக்கும்படி யாரும் மனுப் போடவில்லை, ஆகவே கோர்ட் அதற்குள் போகவில்லை. ஆனால் பேசிக்கொண்டது தளம் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை. அதற்காகத்தான் கட்டுகிறோம் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே பிரதிவாதிக்குத் தெரியும், ஆவுடையப்பன் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அந்த நட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவர் சொன்னபடி கட்டியிருந்தால் வாதி எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். மிச்ச வேலையை வாதி வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொள்ளலாம். பாக்கியிருந்த இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிற செலவு தவசிலிங்கத்துடையது. அறை எழும்பும் வரை முத்தரசி படிக்க வெளியே ஓர் அறை எடுத்தால் அந்த வாடகையும் அவருடையது.

பாக்கியத்தாய் சவரிராயன் என்ற கொத்தனாரை வரச்சொன்னாள். அவரை வாசலில் வைத்தே “வாங்க” என்று சொல்லிவிட்டாள். அதனால் அவர் கொண்டுவந்த கம்பியும் நின்றது, ஜல்லியும் நின்றது, சிமெண்டுக் கலவையும் நின்றது. கீழே முட்டுக் கொடுக்கவில்லை, பலகை அடிக்கவில்லை. பாயை மடித்து, பூனையை விரட்டிவிட்டு, இருந்த தளத்தின் மேலேயே ஐந்து அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டார். பிறகு சுவர் எழுப்பினார், கூரை போட்டார். இதைக் கேள்விப்பட்ட தவசிலிங்கம், தளத்துக்கு சென்டரிங் செலவு ஆகவே இல்லை, ஆகாத செலவைத் தன் தலையில் போடக் கூடாது என்று ஒரு மனுப் போட்டார். முன்சீப் அதைப் படித்துப் பார்த்து, சரிதான் என்று அந்தச் செலவைக் கழித்துவிட்டார்.

“நியாயந்தான்” என்றாளாம் பாக்கியத்தாய். “அவன் பலகதான் திரும்பி வரவே இல்லையே.”

முத்தரசி பரீட்சையில் என்ன ஆனாள் என்று நகல் பிரிவுக்காரருக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாளும் சொல்லவில்லையாம். அந்தக் காகிதக் கட்டில் அது இல்லை.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மேலச்சத்திரத்தில் இறங்கி, பாக்கியத்தாயிடம் கேட்டுக்கொண்டு, ஒரு டேப்போடு படியேறினேன். பதினைந்து படியும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். பதினைந்தாவது படியிலிருந்து அறை வாசலுக்கு ஏறும் உயரம் மட்டும் பன்னிரண்டு அங்குலம் இருக்கிறது: ஏழும், சவரிராயன் மேலே போட்ட ஐந்தும். காலை பதினொரு மணி. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் ஆட்கள் போய்வந்து கொண்டிருந்தார்கள், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது.